குயில் மூக்கு எலும்பு

கறம்பக்குடி பஸ்ஸில் கடைசி சீட்டில் குலுங்கி வந்ததன் பலன், நேற்று புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறைக்குப் போக வேண்டியதாயிற்று. டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை வாங்கிப் பார்த்த சின்ன வயது நர்ஸ், "காக்சிக்ஸ் எக்ஸ்ரேவா மேடம்?" என்றாள். அடிபட்ட வால் எலும்பை விட அதன் இங்கிலீஷ் பெயர்தான் சுருக்கென்றது. மல்லிகாவுக்குச் சொந்தமான பெயர் அது, என்னைப் பொறுத்தவரை.

ஒரே நர்சிங் பள்ளியில் நாங்கள் இருவரும் உடற்கூறு நடத்தினோம். திருக்கோகர்ணத்தில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். எனக்கென்று ஒரு பெருமை இருந்தது, எலும்புப் பை. மஞ்சள் துணிப்பைக்குள் எலும்புகளைப் போட்டுக் குலுக்குவேன். பிள்ளைகள் பார்க்காமல் கைவிட்டு, தடவிப் பார்த்தே பெயர் சொல்ல வேண்டும். மருந்து நெடி அடிக்கும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு, என்னை விட்டால் ஆளில்லை என்று திரிந்தேன்.

மல்லிகா வெறுங்கையோடு வருவாள்.

"காக்சிக்ஸ்னா கிரேக்கத்துல குயில். அந்தக் காலத்து வைத்தியருக்கு இந்த எலும்பு குயில் மூக்கு மாதிரி தெரிஞ்சிருக்கு. அப்படியே லத்தீன், இங்கிலீஷ்னு போயி, தமிழ்ல குயிலலகுன்னு வந்திருச்சு. ஒண்ணுன்னா காக்சிக்ஸ், நெறையன்னா காக்சிஜீஸ்."

"ஆளுக்கு ஒண்ணுதானே மிஸ், நெறைய எதுக்கு?"

"நீங்க அத்தன பேரும் எதுமேல உக்காந்திருக்கீங்களாம்?"

வகுப்பு சிரிப்பது பக்கத்து அறையில் பையோடு நிற்கும் எனக்குக் கேட்கும். உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், வயிறு எரியும். மறுநாள் நானும் குயிலை அவிழ்த்துவிட்டுப் பார்த்தேன். "அத மல்லிகா மிஸ் நேத்தே சொல்லிட்டாங்க மிஸ்" என்றது முன்பெஞ்சு. அன்று அவள் எனக்கும் சேர்த்து வடித்த சோற்றை நான் தொடவில்லை.

"ஏண்டி, ஒடம்பு சரியில்லையா?"

"பசிக்கல."

அப்புறம் அவள் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனாள். "இங்க பேச்சுல குயிலே இல்லடி, பின்பக்க எலும்புன்னு மொட்டையாச் சொல்றாங்க" என்று போனில் குறைபட்டாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. போகப்போக அந்த போனும் நின்றுவிட்டது.

நேற்று எனக்கு ஒரு நப்பாசை. "அந்தப் பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமாம்மா?" என்று நர்சிடம் ஆரம்பித்தேன்.

"குயில்தானே மேடம்? எங்க டீச்சர் சொன்னாங்க. அவங்களுக்கு மல்லிகா மிஸ்னு ஒருத்தங்க சொல்லிக்குடுத்தாங்களாம்."

இத்தனை வருஷம் கழித்தும் எரிந்தது.

"எலும்புப் பையப் பத்தி ஏதும் சொன்னாங்களா?"

"பையா? இப்ப பிளாஸ்டிக் எலும்புக்கூடுதான் மேடம். பேரெல்லாம் அதுலயே ஒட்டியிருக்கும். கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிப் படுங்க."

திரும்பிப் படுத்தேன்.