அடியில் விட வேண்டிய கரி

எங்கேயாவது ஹோன் சத்தம் கேட்டால் என் கணவர் திலீபனின் இடது கை தானாகக் கீழே போகும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, கோவில் வரிசையில் நின்றாலும் சரி. கியர் இருக்கும் இடத்தை அந்தக் கை தேடும். பிறகு அவருக்கே தெரிந்து கையை மடக்கிக்கொள்வார். லீவில் வந்திருக்கும்போது ரொட்டிக்காரர் ஹோன் அடித்தபடி எங்கள் தாமான் தெருவுக்குள் நுழைந்தால் நான் ரொட்டியைப் பார்ப்பதில்லை, அந்தக் கையைத்தான் பார்ப்பேன். பல வருஷமாக இப்படித்தான். ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அவர் கடல் தாண்டி, சரவாக்கில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் லோரி ஓட்டுகிறார். படிப்படியாக வெட்டி இறக்கிய பெரிய பள்ளம் அது. அடியில் பழுப்பு நிலக்கரி. கையில் எடுத்தால் ஊறிப்போன பழைய மரத்துண்டு மாதிரி இருக்கும் என்பார். வெட்டுகிற கரியெல்லாம் பக்கத்திலேயே உள்ள மின் நிலையத்துக்குப் போகிறது. கரியை வெட்டி லோரியில் கொட்டுவது ஜெங்காவுட். நம் பக்கம் கால்வாய் வெட்ட வருமே, அதே இயந்திரம்தான். அங்கே வீட்டு உயரம் இருக்கும். லோரிக்காரர் அதன் வாளிக்குக் கீழே பின்பக்கமாகப் போய் நிற்க வேண்டும். மேலே உட்கார்ந்திருப்பவர் ஹோன் அடித்தால் லோரி நிறைந்துவிட்டது, கியரைப் போட்டுக் கிளம்ப வேண்டும். நாள் முழுக்க இதுதான்.

அந்த ஹோனை அடிப்பவர் யுகேந்திரன். அதைத்தான் என் கணவரால் தாங்க முடியவில்லை.

இரண்டு பேரும் ஜாசின் பக்கத்து செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். என் கணவர் சில வயது மூத்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் தன் அம்மாவோடு உதிரிப் பழம் பொறுக்கப் போவார். குலையை வெட்டும்போது சிதறுகிற பழம் ஒன்றுகூட மரத்தடியில் கிடக்கக் கூடாது. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வந்து காலால் ஓலையைத் தள்ளிப் பார்ப்பான். ஒரு பழம் கண்ணில் பட்டால் போதும், அம்மாவைப் பிள்ளை முன்னாலேயே கெட்ட வார்த்தையில் ஏசுவான். பெரியவனானதும் என் கணவர் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கியர் போடக் கற்றுக்கொண்டவர் யுகேந்திரன். சரவாக்குக்கு முதலில் போனதும் இவர்தான். ஆள் வேண்டும் என்று கேட்டபோது யுகேந்திரன் பெயரைச் சொன்னதும் இவர்தான். பிறகு ஜெங்காவுட் ஓட்ட ஒருவர் தேவைப்பட்டது. யுகேந்திரனை மேலே ஏற்றினார்கள்.

அதிலிருந்து வீட்டில் அவர் பெயர் வந்தாலே இவர் முகம் மாறும். யுகேந்திரன் பழைய ஹைலக்ஸ் வண்டி ஒன்று வாங்கிய செய்தி வந்த அன்று, எங்கள் சின்ன மைவி காரை இரண்டு தடவை கழுவினார். யுகேந்திரன் தன் இயந்திரத்தின் மேல் நின்று எடுத்த படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். நான் பக்கத்தில் போனால் வேறு எதையோ திறந்துகொள்வார்.

போன தீபாவளிக்கு இவர் வந்திருந்தபோது என் மாமியார் வேலாயி சும்மா இருக்கவில்லை.

“ஏன்டா, நீ கியர் போடக் கத்துக் குடுத்த பையன், இப்ப உனக்கே ஹோன் அடிக்கிறானாமே?”

“ஹோன் யாரு வேணா அடிக்கலாம்மா.”

“அவன் வண்டில ஏசி இருக்காமே.”

“என் லோரிலயும் ஏசி இருக்கு.”

“இருந்து என்னா, நீ கீழதானே நிக்கற.”

என் கணவர் முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தார். “அவன் வேலை லட்சணம் உங்களுக்கு என்னா தெரியும்? அடியில ஒரு சாண் கரிய அப்படியே விட்டுட்டு வந்துடறான். வழிச்செடுக்க சோம்பேறித்தனம். நம்ம தோட்டத்துல இப்படி விட்டுட்டு வர முடியுமா?”

“மண்டோர் தொலைச்சிருப்பான்லா.”

“நான் மட்டும் மேல உக்காந்தா, தரை தெரியற வரைக்கும் வழிப்பேன்.”

அந்த நாளும் வந்தது. யுகேந்திரன் தங்கைக்குக் கல்யாணம் என்று லீவில் வந்தார். அவர் திரும்பும்வரை ஜெங்காவுட் என் கணவர் கைக்கு வந்தது. சரியாகச் செய்தால், புதிதாக வெட்டப்போகும் பள்ளத்தில் அவருக்கே நிரந்தரமாகக் கொடுப்பதாக பாஸ் சொல்லியிருந்தார். முதல் நாளே மேலே உட்கார்ந்தபடி வீடியோவில் கூப்பிட்டார். “பாரு, லோரியெல்லாம் எவ்ளோ சின்னதா தெரியுது!” நான் கேட்பதற்காக ஒரு தடவை ஹோன் அடித்துக் காட்டினார். கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரத்திலேயே யுகேந்திரன் பத்திரிகை வைக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் வீட்டில் இல்லை என்பதால் கேட்டிலேயே நின்றார். மாமியார்தான் உள்ளே கூப்பிட்டு, என்னைக் கோப்பி போடச் சொன்னார்.

“ஏன்டா, அவ்வளவு கரிய விட்டுட்டு வர்றியாமே, உங்கப்பன் வீட்டுக் கரியா?”

யுகேந்திரன் சிரித்தார். “பெரியம்மா, அதுக்குக் கீழ வெள்ளைக் களிமண்ணு. வாளி அதைத் தொட்டா கரியோட சேந்து வந்துடும். பவர் ஸ்டேஷன்ல கரி போற பெல்ட்ல ரொட்டி சானாய் மாவு மாதிரி அப்பிக்கும். மழை வேற பெஞ்சா முடிஞ்சது கதை. அதான் ஒரு சாண் விடறது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணி, அண்ணன்கிட்ட நீங்க சொல்லுங்க. அங்க தரை வரைக்கும் வழிக்கிறாருன்னு பசங்க சொல்றாங்க.”

“தம்பி, நீங்களே சொல்லலாமே?”

“கிளம்பறப்பவே சொன்னேன். ‘என் லோரில கியர் கத்துக்கிட்டவன் எனக்குப் பாடம் எடுக்கறியா?’ன்னு கேட்டுட்டாரு.”

அன்று சாயங்காலம் நான் கூப்பிட்டேன். அடியில் ஒரு சாண் விட வேண்டுமாம் என்றேன்.

“யாரு சொன்னா?”

ஜாசினில் வேறு யாருக்கு இது தெரியும்? “யுகேந்திரன் தம்பி பத்திரிகை கொண்டாந்தாரு.”

“வீட்டுக்குள்ள வந்தானா?”

“அத்தை இருந்தாங்க. கோப்பி குடிச்சிட்டுப் போயிட்டாரு.”

“யாரு போட்ட கோப்பி?”

“அத்தைதான் போடச் சொன்னாங்க.”

“எனக்கு இந்த சீட்டு வந்துடக் கூடாதுன்னு அவனுக்கு பயம். நான் கம்மியா அள்ளணும், அவ்வளவுதான். அதுக்கு என் பொண்டாட்டியவே ஆளா புடிச்சிருக்கான்.” வைத்துவிட்டார்.

அடுத்த நாள் பேச்சு இல்லை, படம் மட்டும் வந்தது. பள்ளத்தின் அடி, துடைத்து வைத்த சமையலறை மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு பிடி கரி இல்லை. என் மாமியார் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, “நல்லா வழிச்சிருக்கான்” என்றார், பெருமையாக. அந்த வெள்ளை என்ன என்று எனக்குத் தெரியும். மாமியாருக்கும் யுகேந்திரன் என் முன்னால்தான் சொல்லியிருந்தார். ஆனால் அவர் மகன் வழித்த தரை அது.

கல்யாண விருந்து பாச்சாங்கில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நானும் மாமியாரும் போயிருந்தோம். சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோது யுகேந்திரனுக்குக் கைப்பேசி அடித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். வந்ததும் அவர் கண் முதலில் எங்கள் மேசையைத் தேடியது. பிறகு பக்கத்தில் வந்து, “அண்ணி, நான் நாளைக்கே கிளம்பறேன்” என்றார். பின்னால் நின்ற அவர் மனைவி நளினி, “தங்கச்சிய மறுவீட்டுக்கு அழைக்கக்கூட இருக்க மாட்டீங்களா?” என்று அழுதுவிடுவதுபோல் கேட்டாள். ஏன் என்று யுகேந்திரன் அவளிடமும் சொல்லவில்லை.

நடந்ததை வேறு டிரைவர்களின் மனைவிகள் மூலம் தெரிந்துகொண்டேன். அங்கே மழை பிடித்திருக்கிறது. களிமண் கலந்த கரி மின் நிலையத்தின் பெல்ட்டில் அப்பி, பெல்ட் நின்றுவிட்டது. லோரிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆட்கள் மண்வெட்டியால் சுரண்டியிருக்கிறார்கள். பாஸ் பள்ளத்துக்கே வந்து, எல்லா டிரைவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, என் கணவரைக் கீழே இறங்கச் சொல்லியிருக்கிறார்.

யுகேந்திரன் போய்ச் சேர்ந்த அன்று இவர் என்னைக் கூப்பிட்டார்.

“மேல ஏறிட்டான்,” என்றார். “ஒரு வார்த்தை கேப்பான்னு பாத்தேன். திட்டியிருந்தாக்கூட நான் நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருப்பேன். ஒண்ணுமே கேக்கல. ஹோன் அடிச்சான். போனேன்.”

“விடுங்க,” என்றேன்.

“நீ அவனுக்கு சப்போர்ட் பண்ணாத.”

புதிய பள்ளத்தை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே ஜெங்காவுட் ஓட்டுவது அந்த ஊர் ஈபான் ஆள் ஒருவர். அவருக்குப் பழக்கிக் கொடுத்தவர் யுகேந்திரன். என் கணவர் யுகேந்திரன் இல்லாத வேறு ஷிப்ட் கேட்டார், கிடைக்கவில்லை. பெல்ட் நின்றதற்கு மழைதான் காரணம் என்று இன்றும் சொல்கிறார். என் மாமியாரும் அப்படியே சொல்கிறார். யுகேந்திரன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. நளினியும் நானும் ஜாசின் பாசாரில் மீன் கடைப் பக்கம் சந்தித்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் தனித்தனியாகப் போகிறோம். என் கணவர் அதே லோரிதான் ஓட்டுகிறார்.