வெந்நீரூற்றுக்கு ஓர் அஞ்சலித் தாள்

நெவ்யானா இருபத்தேழு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். டிக்கெட் இல்லாதவன் ஜன்னல் பக்கம் திரும்பி ரொம்ப ஆர்வமாக வேடிக்கை பார்ப்பான்; அது அவளுக்கு அத்துப்படி. ஓய்வு பெற்றதும் அந்தக் கண்ணை வெதர்னிக் நகராட்சி மன்றத்தின் மேல் திருப்பினாள். மாதக் கடைசி வியாழன் மாலைக் கூட்டம் ஒன்றையும் விட்டதில்லை. பொதுமக்கள் பேசுவது கடைசி அயிட்டம். அவள் எழுந்தாலே பாதி உறுப்பினர்கள் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.

ஜூலையில் கூட்ட அறிவிப்பைக் காணவில்லை. மன்றத் தலைவர் கால்ச்சேவிடம் கேட்டாள்.

"பலகையில பாருங்கம்மா, போட்டாச்சு" என்றார் அவர், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

நெவ்யானா நேரே பலகைக்குப் போனாள். பல்கேரியாவில் செத்தவர் படம் போட்ட அஞ்சலித் தாள் இல்லாத கம்பம் கிடையாது, கதவும் கிடையாது; ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருட நினைவுக்கு ஒன்று என்று புதுசாக ஒட்டுவார்கள். நகராட்சிப் பலகையிலும் இருந்தது: ராய்ச்சோ, தச்சன், 'பிரிந்து ஆறு மாதம்'. ராய்ச்சோ போனது நவம்பரில், முதல் பனி விழுந்த அன்று. ஆறாம் மாதம் மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அடுத்த தாள் வருட நினைவுக்குத்தான். போதாக்குறைக்கு, வீட்டார் செல்லோடேப்பால் ஒட்டுவார்கள். இதில் நாலு மூலையிலும் பளபளவென்று அலுவலகக் குண்டூசி.

தாளின் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் அறிவிப்பு: சந்தை வீதி வெந்நீரூற்றையும் அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் தண்ணீர் பாட்டில் கம்பெனிக்கு இருபத்தைந்து வருடக் குத்தகைக்கு விடுவது. கூட்டம், வழக்கத்துக்கு மாறாக, வியாழன் காலை எட்டு மணி.

தினமும் காலையில் ஊரே கேன்களோடு நிற்கும் ஊற்று அது. அதைச் சுற்றி வேலி போடப்போகிறார்கள்.

அவள் அச்சுக்கடை ஸ்லாவ்சோவிடம் ஓடினாள்.

"யாருக்கா போயிட்டாங்க?"

"வெந்நீரூற்று. கறுப்பு பார்டர் போடு."

"விளையாடாதீங்கக்கா. நகராட்சி நோட்டீஸ் எல்லாம் நான்தான் அடிக்கிறேன்."

"அப்போ உனக்கு இது முன்னாடியே தெரியும்."

ஸ்லாவ்சோ மெஷினைப் போட்டான். நாற்பது தாள் அடித்துக் கொடுத்தான், காசு வாங்கவில்லை. அதனாலேயே அவன் மேல் அவளுக்குச் சந்தேகம் கூடியது.

'ஆழ்ந்த துயரத்துடன்' என்று ஆரம்பித்தது தாள். ஊற்றின் படம். 'நல்லடக்கம்: வியாழன் காலை எட்டு மணி, நகராட்சி மண்டபம்.' நகராட்சி அறிவிப்பை அந்த ஊரில் எவனும் படிக்கமாட்டான். அஞ்சலித் தாளைப் படிக்காமல் எவனும் தாண்டமாட்டான்.

வியாழக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. சிலர் பூவோடு வந்திருந்தார்கள்.

"இந்த அசிங்கத்தை ஒட்டினது யாரு?" கால்ச்சேவ் தாளை ஆட்டினார்.

"நான்தான்" என்று எழுந்தாள் நெவ்யானா. "அறிவிப்பை ராய்ச்சோவுக்கு அடியில ஒளிச்சு வெச்சது யாருன்னு நீங்க சொல்லுங்க."

"பொதுமக்கள் கடைசியிலதான் பேசணும்! உங்களை எந்தக் கட்சி அனுப்பிச்சதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

அப்போது பின்வரிசையிலிருந்து கின்கா வந்தாள். ராய்ச்சோவின் மனைவி, மன்றத்துக்குள் கால் வைத்ததே இல்லாதவள்.

"தலைவரே, கட்சி கிட்சி எனக்குத் தெரியாது. மே மாசம் என் புருஷன் தாளை நான் பேக்கரிச் சுவத்துல ஒட்டினேன். மறுநாளே காணோம். காத்து கொண்டுபோயிருச்சுன்னு நெனச்சேன். அவரு இங்க நடந்து வந்தாரா?"

யாரோ சிரித்தார்கள், உடனே அடக்கிக்கொண்டார்கள். மன்றச் செயலாளர் குனிந்து பேனாவைத் தேடினார். பேனா அவர் கையில் இருந்தது.

கால்ச்சேவின் காது சிவந்தது. "தீர்மானத்தைத் தள்ளி வைக்கலாம்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அத்தனை உறுப்பினர்களின் கையும் உயர்ந்தது. மண்டபம் கைதட்டியது. நெவ்யானா தட்டவில்லை. தள்ளி வைத்தார்கள், சரி. எந்தத் தேதிக்கு என்று ஒருவரும் சொல்லவில்லையே!

மறுநாள் காலை இரண்டு கேன் வெந்நீரைக் கீழே வைத்துவிட்டு, நகராட்சிப் பலகையில் ஒவ்வொரு தாளின் ஓரத்தையும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா செத்தது?" என்றான் அந்த வழியாக வந்த ஸ்லாவ்சோ.

"இன்னும் தெரியல" என்றாள். "நேத்து சாயங்காலம் ஏதாவது அச்சுக்கு வந்துச்சா?"

ஸ்லாவ்சோ தெருப்பக்கம் திரும்பி, போகிற பஸ்ஸை ரொம்ப ஆர்வமாகப் பார்த்தான்.