தண்ணீர் ஊற்ற வேண்டாம்

வெயில் ஏறிய பிறகு எங்கே போய் உட்கார்ந்தாலும் வள்ளித்தாய் முதலில் தரையைப் பார்ப்பாள். காய்ந்திருந்தால் எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவருவாள். ஊற்ற மாட்டாள். நான்கு விரல்களையும் சேர்த்துச் சொம்புக்குள் விட்டு, வெளியே எடுத்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டித் தன் முன்னால் அரைவட்டமாகத் தெளிப்பாள். மூன்று தரம். மண் நிறம் மாறி, வாசனை எழும்பி அடங்கும்வரை காத்திருப்பாள். அதற்குப் பிறகுதான் கையில் வேலையை எடுப்பாள். அது கீரை ஆய்வதாக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பேன் பார்ப்பதாக இருந்தாலும் சரி.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் சரம் பின்னியதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அங்கே ஒவ்வொரு அறையும் தள்ளித் தள்ளி நிற்கும். வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணில் இறங்க வேண்டும் என்பதற்காக, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோடையில் வாசல் சாக்கை நனைத்துப் போடுவார்கள். அறையைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பார்கள். நாற்பத்து மூன்று வயதுக்குள், காய்ந்து கிடக்கிற எதையும் நம்பக் கூடாது என்று அவள் கைக்கே தெரிந்துபோயிருந்தது.

போன பங்குனியில் மூன்றாவது அறையில் ஏதோ சீறியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூரையில் இரண்டு ஓடு போனதோடு சரி. வள்ளித்தாய் பாதிப் பொட்டலைத் தாண்டிய பிறகுதான், தான் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பதையே கவனித்தாள். மறுநாளும் வேலைக்குப் போனாள். வாசலில் நின்று தகட்டைத் தொட்டாள். தொட்ட கை திரும்ப வரவில்லை. பின்னால் மூன்று பெண்கள் காத்து நின்றார்கள்.

போர்மேன் கண்ணுச்சாமி வந்தார். "ஏத்தா வள்ளி, தகட்டப் பேத்து வீட்டுக்குக் கொண்டுபோகப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்த முகத்தோடு திரும்பி நடந்து, வீட்டுக்கு வந்துதான் உட்கார்ந்தாள்.

கண்ணுச்சாமி மோசமான ஆளில்லை. சாயந்திரம் வண்டியை வீட்டு முன்னால் நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "ஒன் எடத்த ஆடி வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன். ஆவணி பொறந்தா தீவாளி ஆர்டர் கழுத்த நெரிக்கும். அதுக்குள்ள மனசத் தேத்திட்டு வா."

மனது தேறும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்த வாசலுக்குத் திரும்பப் போகாமலிருக்க ஒரு வழி வேண்டும். அதுவும் ஆடிக்குள் வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

சித்திரையில் மகளிர் குழுவில் ஒரு தாள் சுற்றி வந்தது. விருதுநகரில் பதினைந்து நாள் இலவசப் பயிற்சி. உள்ளூர்ப் பூக்களை மேசை அலங்காரமாக அடுக்குவது, சின்னத் தொட்டிகளில் சதைப்பற்றுச் செடிகள் நடுவது. வள்ளித்தாய் பெயர் கொடுத்துவிட்டு வந்து புருஷனிடம் சொன்னாள். முனியராஜும் அதே கம்பெனிதான், மருந்து கலக்கிறவர். வெயில் வருவதற்கு முன்னால் கலவை முடிய வேண்டும் என்பதால் விடிவதற்குள் கிளம்பிவிடுகிற மனிதர்.

"அதென்ன செடி?"

"கள்ளி மாதிரி இருக்குமாம். சின்னச் சட்டியில வச்சு மேசை மேல வைப்பாகளாம்."

"நம்ம கம்மாக்கரைக் கள்ளிய ஆடுகூடத் திரும்பிப் பாக்காது. அத நட பதினஞ்சு நாள் படிப்பா?"

"ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரியாமத்தான் கேக்கேன். பாஸானா தொப்பி, கறுப்பு அங்கி எல்லாம் குடுப்பாகளோ?"

அவள் தட்டைச் சத்தமாக வைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பெயர் பிரீத்திகா. விருதுநகரில் பலசரக்கு மொத்த வியாபாரக் குடும்பம். வீட்டு மொட்டை மாடி முழுக்கச் செடி வளர்க்கிறவள். முதல் நாள் காரியாபட்டிப் பக்கத்திலிருந்து கட்டுக்கட்டாகப் பூ வந்தது. சம்பங்கி, கேந்தி, கோழிக்கொண்டை, இடையிடையே மரிக்கொழுந்து. எல்லோருக்கும் ஆளுக்கொரு மண்கிண்ணம். மற்றவர்கள் எந்தப் பூவை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வள்ளித்தாய் முடித்துவிட்டாள். காம்போடு காம்பு, தலையோடு தலை, ஊசி நுழைய இடமில்லை. பிரீத்திகா கிண்ணத்தைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு இதழ் விழவில்லை.

"அக்கா, இதுல திரி மட்டுந்தான் இல்ல. பத்த வச்சா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்."

அறை முழுக்கச் சிரிப்பு. பிரீத்திகா கிண்ணத்தை நிமிர்த்தி, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழு பூக்களை உருவினாள். நெருக்கத்தில் தெரியாமலிருந்த ஒரு சம்பங்கி மெல்லச் சாய்ந்து, பக்கத்தில் இருந்த வெற்றிடத்தை எட்டிப் பார்ப்பதுபோல நின்றது. வள்ளித்தாய் வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"உருவுன ஏழையும் என்ன செய்ய, பாப்பா?"

"ஒண்ணும் செய்ய வேண்டாங்க்கா. இருக்கட்டும்."

அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. கம்பெனியில் மிச்சம் எதையும் போட்டுவிட்டு வர முடியாது. ஏழு பூக்களையும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து டம்ளரில் போட்டு வைத்தாள்.

மண் கலக்குகிற அன்றைக்கு நிலைமை மாறியது. ஆற்றுமணல், செங்கல் பொடி, கரித்தூள், கொஞ்சம் மட்கிய சாணி. கொடுத்த இரும்புக் கரண்டியை அவள் தள்ளி வைத்துவிட்டு வெறும் கையால், கூந்தலுக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல அவ்வளவு பதமாகக் கலந்தாள். பிடித்தால் உருண்டையாகவும் விட்டால் உதிர்வதாகவும் வந்தது. பிரீத்திகா அதைப் போனில் படமெடுத்து, பேச்சே இல்லாமல் ஸ்டேட்டஸில் வைத்தாள்.

பயிற்சி முடிந்த அன்று அவள் வள்ளித்தாயைத் தனியாகக் கூப்பிட்டாள். சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் அவளுடைய அத்தை சொர்ணலட்சுமி வீட்டில் ஆவணியில் கல்யாணம். தாம்பூலப் பையோடு கொடுக்க அறுபது தொட்டி வேண்டும். "மொதல்ல முப்பத்தாறு தர்றேன். வீட்டுல வச்சு ஒரு மாசம் காப்பாத்துங்க. நின்னுருச்சுன்னா அந்த அறுபதும் உங்களுக்குத்தான். அத்தையோட பிரெண்ட்ஸ் எல்லாம் பாத்துட்டா வருஷம் முழுக்க ஆர்டர் வரும்."

முப்பத்தாறு தொட்டிகளும் வீட்டுப் பின்புறம் வேப்பமரத்து நிழலில், பழைய கட்டிலின் மேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன. குட்டிக் குட்டிக் கற்றாழைகள், காசு காசாக இலைவிட்ட ஜேடு செடிகள், தாமரை மொட்டுபோல அடுக்கடுக்காக ஒன்று. வெயிலோ வைகாசி வெயில். வள்ளித்தாய் மேல்மண்ணைப் பார்ப்பாள். காய்ந்திருக்கும். சொம்பை எடுப்பாள்.

இருபதாம் நாள் இலைகள் கண்ணாடிபோல ஆயின. தொட்டால் கழன்று கையோடு வந்தன. தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு தரம் தெளித்தாள். மறுவாரம் பிரீத்திகா ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது கட்டில் முழுக்க ஊறிப்போன சோற்றின் வாடை.

"எம்புட்டுத் தண்ணிக்கா ஊத்துனீக?"

"ஊத்தலயே. தெளிச்சேன்."

"எத்தனை நாளைக்கு ஒருக்கா?"

"நாளுக்கு மூணு தரம்."

பிரீத்திகாவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டாள். விரல் சேறாக வெளியே வந்தது. "தெளிச்சதுக்கே இம்புட்டு ஈரமா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

"காஞ்சு கெடக்கதப் பாத்துட்டு எப்படி பாப்பா சும்மா இருக்க?"

"சும்மா இருக்கறதுதாங்க்கா இதுல வேலையே. அது வேண்டிய தண்ணிய இலையில வச்சிருக்கு. பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா நல்லா ஊத்துங்க, அப்பறம் மறந்துருங்க."

வள்ளித்தாய்க்குக் கண்ணுச்சாமியின் வண்டிச் சத்தம்தான் காதில் கேட்டது. வெளியே வண்டி எதுவும் இல்லை.

பிரீத்திகா ஸ்கூட்டரில் ஏறி, இறங்கி, மறுபடி வந்தாள். "அத்தைட்ட இதச் சொல்லல. கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அறுபதுக்கும் நாளைக்குக் கெளை வெட்டித் தர்றேன். இது அழுகுச்சுன்னா என்கிட்டயும் வேற இல்லக்கா."

வெட்டிய கிளைகளை உடனே நடக் கூடாது. வெட்டுவாய் காய்ந்து மூட ஐந்து நாள் போட்டு வைக்க வேண்டும். அந்த ஐந்து நாளும் வள்ளித்தாய்க்கு வீடு நெருப்புப் பெட்டியாக இருந்தது. கண்ணெதிரே அறுபது துண்டு, அத்தனையும் காய்ந்துகொண்டு. இரண்டு நாள் சமாளித்தாள். மூன்றாம் நாள் பஸ் ஏறி இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய்விட்டாள். கும்பிட்டு முடித்து மரத்தடியில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரை மண்ணில் மூன்று தரம் தெளித்துவிட்டு, அரைநாள் அங்கேயே இருந்தாள்.

நடுவதற்கு மண் கலந்த அன்று முனியராஜ் வேலையிலிருந்து வந்து பக்கத்தில் குந்தினார். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டினார். "கரி கொஞ்சம் தூக்கல்" என்றார். தானே மணல் சேர்த்துக் கலந்து கொடுத்தார். அழுகிப்போன முப்பத்தாறைப் பற்றி ஒரு கேலி இல்லை, ஒரு குத்தல் இல்லை. வாய்ப்புக் கிடைத்தால் விடாத மனிதர். அவளுக்கு அது ஆச்சரியமாகத்தான் இருந்தது; பாவம் பார்க்கிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

அறுபதையும் நட்டு முடித்ததும், சொம்பைப் பரணில் தூக்கிப் போட்டாள். அச்சகக் கழிவில் வந்த காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பி, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி வேப்பமரத்தில் ஆணியடித்து மாட்டினாள்: தண்ணீர் ஊற்ற வேண்டாம். யாருக்கு எழுதியது என்று கேட்டால், தனக்குத்தான். மதியம் கை பரபரக்கும்போது எதிரே உட்கார்ந்து அதைப் படிப்பாள். பன்னிரண்டாம் நாள் ஊற்றுவாள். மறுபடி கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். காலையில் எழுந்து பார்த்தால் மரத்தின் வேரடி மட்டும் ஈரமாக இருக்கும். தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமாகப் போகும், முனியராஜுக்குத் தங்கை முறையாகும் சுப்புலட்சுமி குடத்தைச் சிந்தியிருப்பாள்.

ஆடி நடுவில் ஒரு கிளையை லேசாக இழுத்துப் பார்த்தாள். வர மறுத்தது. அடுத்ததை இழுத்தாள். அதுவும் வரவில்லை. அறுபதில் ஐம்பத்தேழு வேர் பிடித்திருந்தன. மூன்று போனது, போகட்டும் என்றாள் பிரீத்திகா. அதற்குப் பதிலாகத் தன் மாடியில் மிஞ்சியிருந்த மூன்றைத் தந்தாள்.

ஆடி கடைசி வெள்ளியன்று கண்ணுச்சாமி வண்டியை நிறுத்தினார். இந்தத் தடவை இறங்கினார். கட்டில் ஓரமாக நடந்து வந்து, குனிந்து பார்த்தார்.

"இதெல்லாம் நீ வச்சதா?"

"ஆமாண்ணே."

"முள்ளு குத்துமோ?"

"தொட்டுப் பாருங்க."

அவர் ஒரு இலையை விரல் நுனியால் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "சரி, சொல்லு. எடத்த வச்சிருக்கவா, வேற ஆளு போடவா?"

"போட்ருங்கண்ணே."

"யோசிச்சுச் சொல்லுறியா?"

"நாலு மாசமா யோசிச்சுட்டேன்."

கண்ணுச்சாமி தலையாட்டினார். போகும்போது தன் மகள் வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் பெரிய உருளியில் பூ அடுக்கியதும் வள்ளித்தாய்தான். கேந்தியும் கோழிக்கொண்டையும் வைத்து, நடுவில் சம்பங்கி சாய இடம் விட்டிருந்தாள். சொர்ணலட்சுமி பட்டுச்சேலையோடு வந்து நின்று பார்த்தார். "இன்னும் ரெண்டு பூ சொருகலாமோ?" என்று கேட்டார். "வேண்டாங்கம்மா, இருக்கட்டும்" என்றாள் வள்ளித்தாய்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடந்தன. ஆனாலும் முனியராஜ் பழக்கதோஷத்தில் விடிவதற்குள் எழுந்துவிடுவார். ஒருநாள் காலை வள்ளித்தாய் மரத்தடியில் கால் வழுக்கிக் கட்டிலைப் பிடித்து நின்றாள். அந்த நேரம் பார்த்துக் குடத்தோடு சுப்புலட்சுமி வந்தாள்.

"ஏ மதினி, தண்ணியச் சிந்தாமக் கொண்டுபோக மாட்டியா? தெனமும் இங்கன சகதியாக் கெடக்கு."

"நானா? நல்லா இருக்கே நாயம்!" சுப்புலட்சுமி குடத்தை இறக்கி வைத்தாள். "எங்க அண்ணனக் கேளு. மொதல்ல வச்சியே முப்பத்தாறு, அதுக்குத் தெனமும் நீ எந்திரிக்குமுன்ன சொம்பு சொம்பா ஊத்துனதே அவருதான். 'வேலைக்குப் போற அவசரத்துல எதுக்குண்ணே'ன்னு கேட்டேன். 'காஞ்சு கெடக்குத்தா, பாவம், இது நின்னாத்தான அவ கம்பெனிப் பக்கம் வராம இருக்கலாம்'னாரு."

வள்ளித்தாய் கட்டிலைப் பிடித்த கையை எடுக்காமலே நின்றாள்.

"பெறகு நீ தாளு மாட்டுன மறுநாளும் பெரிய செம்போட வந்தாரு. செல்போன் வெளிச்சத்துல நின்னு ஒவ்வொரு எழுத்தா வாசிச்சாரு. அப்படியே மரத்து மூட்டுல ஊத்திட்டுப் போயிட்டாரு. அன்னையிலருந்து தெனமும் மரத்துக்குத்தான் ஊத்துறாரு."