எறும்புக்குத் தெரிந்த சங்கதி

மறைமலை நகரில் போல்ட்டும் நட்டும் செய்கிற ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்த யேசுராஜைப் பற்றி, எண்பத்திரண்டாம் வருஷத்தில் மூன்று அபிப்பிராயங்கள் புழக்கத்தில் இருந்தன. சூப்பர்வைசர் அவனைக் கடமை வீரன் என்றார். யூனியன்காரர்கள் முதலாளியின் கையாள் என்றார்கள். அவன் மனைவி கிளாரா, மனுஷனுக்கு வேறு எங்கேயோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். மூன்று தரப்புக்கும் சாட்சியம் ஒன்றுதான். யேசுராஜ் நைட் ஷிப்டை விடுவதில்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் அந்த ஷிப்டையும் கேட்டு வாங்கிக்கொள்வான்.

உண்மை இவ்வளவுதான்: நைட் ஷிப்ட் போகிறவன் இரவில் மனைவி பக்கத்தில் படுக்க வேண்டியதில்லை.

நாற்பது வயதைத் தாண்டிய ஏதோ ஒரு மாதத்தில் அவன் உடம்பில் அந்த ஒரு சமாசாரம் மட்டும் வேலைநிறுத்தம் அறிவித்தது. முன்னறிவிப்பு இல்லை, கோரிக்கை இல்லை, பேச்சுவார்த்தைக்கும் வரவில்லை. மனதில் ஆசை இருக்கும், விறைப்பு வராது. இரண்டு மூன்று தடவை கிளாராவிடம் "அசதியா கீது" என்றான். அவளும் "சரி, தூங்கு" என்றாள். நான்காவது தடவை சொல்வதற்கு முன்பே ஷிப்டை மாற்றிக்கொண்டான். இரண்டு பெண்களும் செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால், ஒரகடம் பக்கத்தில் இருந்த அந்த ஓட்டு வீட்டில் பகலில் ஒருவரும் இரவில் ஒருவரும் தூங்கினார்கள். கதவு மட்டும்தான் இருவருக்கும் பொது.

முதலில் பயமாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. வருஷம் இரண்டாகி மூன்றை நெருங்கியபோது ஒன்றுமாகவும் இல்லை. சாப்பாடு இறங்கியது, மிஷின் ஓடியது, சம்பளம் வந்தது. காலில்கூட அப்படித்தான், வெறுங்காலோடு நடந்தாலும் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடப்பதுபோல ஒரு மதமதப்பு. அதையும் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே மரத்துப்போன ஆளுக்கு வெளியே மரத்துப்போனது தனியாகத் தெரியுமா என்ன?

தெரிந்தது எறும்புகளுக்குத்தான். வீட்டின் பின்புறம் தென்னைமரத்தடியில் அவன் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு மொய்த்தது. கிளாரா எறும்புப் பொடி தூவினாள். மறுநாள் புது எறும்புகள் வந்தன.

இதைக் கேட்டவுடன் துள்ளி எழுந்தவன் தணிகாசலம். வல்லத்து விவசாயக் குடும்பம். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கம்பெனிக்கு வந்தவன். யேசுராஜோடு ஒரே லைனில் வேலை. எந்த வியாதிக்கும் அவனிடம் ஒரு விலாசம் இருக்கும். கேண்டீனில் டீ குடிக்கும்போது யேசுராஜ் பாதி சொன்னான், மீதியை அவனே சொல்லிக்கொண்டான்.

"எறும்பு வருதா? அப்ப கன்ஃபார்ம் மச்சான். தாது போவுது."

"மெதுவா பேசுடா."

"இன்னா மெதுவா? ஒடம்பு சத்தெல்லாம் ஒண்ணுக்குல போவுது, எறும்பு சும்மா வுடுமா? தாம்பரம் ஸ்டேஷனாண்ட லாட்ஜுல பரம்பரை வைத்தியர் ஒருத்தர் மாசாமாசம் வர்றாரு. போனா போதும், கைய புடிச்சே சொல்லிடுவாரு."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்க சித்தப்பா போயிகினு இருந்தாரு" என்றான் தணிகாசலம், கொஞ்சம் வேகமாகவே.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் சாலையோரச் சுவர்களில் அந்த வைத்தியரின் பெயர் இருந்தது. கட்சிக்காரர்கள் எழுதிய சுவரில்கூட ஓரத்தில் இடம் பிடித்திருந்தார். லாட்ஜில் மாடியறை. வெளியே பெஞ்சில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரில் இருந்த முருகனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முருகனுக்கு இரண்டு மனைவிகள். அந்தப் படம் அந்த இடத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்று யாரும் யோசிக்கவில்லை.

வைத்தியர் நாடியைப் பிடித்தார். கண்ணை மூடினார். "சின்ன வயசுல கைப்பழக்கம் உண்டா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு இல்லையென்று சொன்ன ஆம்பளை அந்த மாடிப்படி ஏறினதே இல்லை. யேசுராஜ் தலையைக் குனிந்துகொண்டான். பதினைந்து வயதில் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் முழங்காலில் நின்று சொல்லி, அவர் விதித்த மூன்று அருள்நிறை மந்திரத்தையும் சொல்லி, அன்றே மன்னிப்பும் வாங்கியிருந்தான். சாமி மன்னித்துவிட்டார், வைத்தியர் மன்னிக்கவில்லை.

"அதான். அப்ப ஊத்துனது இப்ப வறண்டுபோச்சி. மிச்சம் கீறதும் நீர்ல கரைஞ்சி போவுது. எறும்பு எதுக்கு வருது? இனிப்புக்கு வருது. போற இனிப்ப திரும்ப ஏத்தணும்."

ஏற்றுவதற்கு ஒரு ஜாடி லேகியம். பனைவெல்லம், தேன், பேரீச்சம்பழம், நெய், இன்னும் கறுப்பாக ஏதேதோ. ஜாடியின் மேல் முன்னங்கால் தூக்கிய குதிரைப் படம். காலையிலும் மாலையிலும் எலுமிச்சங்காய் அளவு, பாலில் கற்கண்டு போட்டுச் சாப்பிட வேண்டும்.

யேசுராஜ் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டான். தாகம் அதிகமானது. தண்ணீர் குடித்தான். தண்ணீர் குடித்ததால் அடிக்கடி தென்னைமரத்தடிக்குப் போனான். எறும்பு பெருகியது. அடுத்த மாதம் வைத்தியரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா, பழசெல்லாம் கழிஞ்சி வெளிய வருது. மருந்து வேலை செய்யுது" என்று இன்னொரு ஜாடி கொடுத்தார். சட்டை தொளதொளத்தது. அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்திருக்கும், யேசுராஜ் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை.

தவக்காலத்தின் நடுவில் ஒருநாள் அரிசிப் பானைக்குப் பின்னால் கிளாரா அந்த ஜாடியைக் கண்டுபிடித்தாள். குதிரைப் படத்துக்கு அர்த்தம் தெரியாத பெண் அந்தச் சாலையில் ஒருத்தியும் இல்லை. அவள் கணக்கு நேராகப் போனது: புருஷன் தெம்புக்கு மருந்து சாப்பிடுகிறான். அந்தத் தெம்பு இந்த வீட்டில் செலவாகவில்லை. அப்படியானால் எங்கே செலவாகிறது?

அவள் கத்தவில்லை. ஜாடியை இருந்த இடத்திலேயே வைத்தாள். அண்ணன் சாலமோனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் செம்பரம்பாக்கத்தில் ஏரிக்கரை ஓரம் குடியிருந்தார்.

"அண்ணன் வர்றாரு. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயித்துக்கெழம. நான் எங்க அம்மா வூட்டுக்குப் போறன்" என்றாள், யேசுராஜ் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது.

"எப்ப வருவ?"

"போறன்னு சொன்னன். வர்றன்னு சொன்னனா?"

இருபது வருஷக் குடித்தனம் போகிறது என்று அவனுக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் நின்றுவிடுவாள் என்றும் புரிந்தது. படுத்துத் தூங்கிவிட்டான்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அந்தப் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம்: உச்சிவெயிலில் வெறுங்காலோடு குன்றின்மேல் சிலுவைப்பாதை. அடிவாரம் வரை தார் ரோடு, அதன் பிறகு பாறை. பெரிய மரச்சிலுவையை ஆள் மாற்றி ஆள் சுமப்பார்கள். தார் ரோட்டில் ஆண்கள் கோழி மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைப்பார்கள். பக்திக்கும் சூட்டுக்கும் நடுவே ஒரு மாதிரி நடனம். அன்று சிலுவை யேசுராஜின் தோளுக்கு வந்தது. அவன் வாங்கிக்கொண்டு நடந்தான். நடந்துகொண்டே இருந்தான். ஒரு துள்ளல் இல்லை, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மாற்றிக்கொள்ள வந்தவர்களிடம் "பரவால்ல" என்றான்.

"அய்யோ, மொகத்தப் பாரு. ஆண்டவரு அப்பிடியே எறங்கி வந்துட்டாரு" என்று பக்கத்து வீட்டு லூர்து மேரி மாரில் அடித்துக்கொண்டாள். "கிளாரா, ஒன் வூட்டுக்காரரு புனிதரு டீ."

யேசுராஜுக்கு நான்காவது பட்டமும் கிடைத்துவிட்டது.

கிளாரா பின்னால் வந்துகொண்டிருந்தாள். புனிதரின் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அவர் கால் வைத்துப் போன பாறைதான் தெரிந்தது. ஒவ்வொரு தடத்திலும் ஈரமாகச் சிவப்பு. முன்னால் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உட்காரவைத்துக் காலைத் திருப்பினாள். உள்ளங்கால் தோல் வெந்து சுருண்டிருந்தது. குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு, கோயில் ஜெபமாலை மணி அளவு, உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

"வலிக்கல?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"நெசமாவே இல்ல, கிளாரா."

அவன் சொன்னதை அவள் நம்பி ரொம்ப நாளாகியிருந்தது. அன்று நம்பினாள். பயந்தும் போனாள்.

மறுநாள் கன்னியர் மடத்து டிஸ்பென்சரியில் சிஸ்டர் பிலோமினா சில்லை எடுத்தார். காலைக் கழுவினார். ஒரு நிமிஷம் அவனையே பார்த்துவிட்டு, ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்து "ஒண்ணுக்குப் பிடிச்சிட்டு வாங்க" என்றார். நீலமான ஒரு மருந்தில் சில சொட்டு விட்டு, சோதனைக் குழாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஒரகடம் சூளையில் வெந்து வந்த செங்கல் நிறத்தில் நின்றது.

"சர்க்கரை வியாதி. நல்லா முத்தியிருக்கு."

"எனக்கா சிஸ்டர்? அது ஜட்ஜு, வக்கீலு, இவங்களுக்கு வர்றதாச்சே" என்றான் யேசுராஜ். ஏதோ தவறுதலாகப் பிரமோஷன் கொடுத்துவிட்டார்கள் என்பதுபோல இருந்தது அவன் குரல்.

"அப்ப இவரு ஒதுங்குற எடத்துல மொய்க்குதே, அந்த எறும்பு?" என்றாள் கிளாரா.

"அதுங்க டெஸ்ட் பண்ணாமலே கண்டுபிடிச்சிருக்கு" என்றார் சிஸ்டர்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கிளாரா வெளியே உட்கார, டாக்டர் உள்ளே அவன் காலில் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமலே, வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்கிற குரலில், "சம்சாரத்தோட இருக்க முடியுதா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை இவ்வளவு சாதாரணமாகக் கேட்க முடியும் என்று யேசுராஜுக்குத் தெரியாது. "இல்ல சார்" என்று அதே குரலில் பதில் வந்துவிட்டது. லேகியத்தையும் சொன்னான். கைப்பழக்கத்தையும் சொன்னான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதனால இது வர்றதா இருந்தா, இந்த ஆஸ்பத்திரில ஒரு டாக்டர் பாக்கி இருக்க மாட்டான். நீ ஃபிட்டர்தானே? மோட்டார் நல்லாத்தான் இருக்கு. வயரும், ரத்தம் போற குழாயும் சர்க்கரைல கெட்டுப்போச்சு. கால்ல கெட்டதும் அங்க கெட்டதும் ஒண்ணுதான். வெல்லத்தையும் தேனையும் வேற கொட்டியிருக்க."

"திரும்ப வருமா சார்?"

"சர்க்கரைய அடக்கு. கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம். வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா காலைத் தெனமும் யாராவது பாக்கணும். உனக்குத் தெரியாது, இன்னொருத்தர் கண்ணு வேணும்."

வெளியே வந்து கிளாராவிடம் சர்க்கரையைச் சொன்னான், மாத்திரையைச் சொன்னான், மீதியை விழுங்கினான். அவளும் சமையலைக் கேழ்வரகுக் கூழுக்கு மாற்றினாள், காலுக்குக் கட்டுப் போட்டாள். ஆனால் டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. சாலமோன் பஸ் ஏறியிருப்பார். கிளாரா புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திர அலமாரில கீது. மாவு அரைச்சி வச்சிருக்கன். மத்தத ஒன் ஆளு வந்து பாத்துக்குவா."

யேசுராஜ் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "டாக்டரு இன்னொண்ணும் சொன்னாரு. கால்ல கெட்ட வயரும்... அதும் ஒரே வயராம்."

"எது?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "நைட் ஷிப்ட்டு எதுக்குப் போறன்னு நெனச்ச?"

மடித்த புடவை அவள் கையிலேயே நின்றது.

"அப்ப அந்த லேகியம்?"

"ஒனக்காவத்தான்."

"அப்ப அவ?"

"எவ? இருக்கிற ஒருத்திக்கே பதில் சொல்ல முடியாம ஓடிக்கினு கீறன். ரெண்டாவதுக்கு நான் எங்க போவ?"

கிளாரா பெட்டி மூடியின்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். "பாவி மனுஷா. அவளுக்கு நான் மூக்குத்திகூட போட்டு வச்சிருந்தன்யா மனசுல. செவப்பா, ஒசரமா, உத்தரமேரூர்க்காரின்னு. தெனம் அவளோட சண்ட போட்டுகினு இருந்தன்." அழுதாளா சிரித்தாளா என்று யேசுராஜுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா?"

"எப்பிடிச் சொல்றது?"

"இப்ப சொன்னியே, அப்பிடித்தான்."

அவனுக்கு ஏதாவது பெரிதாக உடையும், கண்ணீர் வரும் என்று அவனே எதிர்பார்த்தான். ஒன்றும் வரவில்லை. பசித்தது மட்டும் தெரிந்தது.

சாலமோன் வந்தபோது வாசலில் பெட்டி இல்லை. "இன்னாம்மா, போலாமா?" என்றார்.

"ஷிப்ட்டு மாத்திக்கிறாராம். குந்து, சாப்ட்டுட்டுப் போ" என்றாள் கிளாரா. கூட்டிப் போக வந்தவர் கூழைக் குடித்துவிட்டு, ஒன்றும் புரியாமல் மத்தியான பஸ்ஸில் திரும்பிப் போனார்.

யேசுராஜ் பகல் ஷிப்டுக்கு வந்தான். சூப்பர்வைசருக்குக் கடமை வீரன் கெட்டுப்போனான். யூனியனுக்குக் கையாள் திருந்திவிட்டான். தணிகாசலம் கேண்டீனில் பக்கத்தில் வந்து குசுகுசுத்தான். "மச்சான், அந்த லேகியம் மிச்சம் கீதா? எங்க சித்தப்பாவுக்குத்தான்."

"சித்தப்பா ஒதுங்குற எடத்துல எறும்பு வருதா?"

தணிகாசலம் டீயைப் பார்த்தான். அதில் எப்போதும்போல நான்கு கரண்டி சர்க்கரை இருந்தது. அடுத்த வாரம் டிஸ்பென்சரி பெஞ்சில் அவனைப் பார்த்ததாக லூர்து மேரி சொன்னாள். சித்தப்பா கூட வரவில்லையாம்.

தென்னைமரத்தடி எறும்புகள் மெல்ல மெல்லக் குறைந்தன. மற்றது திரும்ப வந்ததா என்று கேட்பீர்கள். அந்த வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது, எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். சாயங்காலம் விளக்கு வைத்ததும் அவன் பெஞ்சில் உட்காருவான், அவள் கீழே உட்கார்ந்து அவன் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். டாக்டர் சொன்னபடி விரலால் அங்கங்கே தொட்டுக் கேட்பாள்.

"தெரியுதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

இப்படியே பல நாள். ஒருநாள் அவள் முகம் வாடியதைப் பார்த்தோ என்னவோ, "இங்க?" என்றதும் யேசுராஜ் கண்ணை மூடிக்கொண்டு, "ம்... தெரியுது" என்றான்.

"யோவ்" என்றாள் கிளாரா. "நான் இன்னும் கையே வைக்கல."