அத்தானோடு போட்ட ஒப்பந்தம்

வீடு கட்டுவது என்று முடிவானதும், வேலையை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சே எழவில்லை. குலசேகரம் வட்டாரத்தில் பல வருடங்களாக வீடு கட்டிக்கொடுக்கும் காண்டிராக்டர், அக்காவின் கணவர். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய சரிவில் நான் வாங்கியிருந்த மனையும் அவர் பார்த்துச் சொன்னதுதான். இனிமேல் அத்தான் பார்த்துக்கொள்வார் என்று நானும் மனைவியும் நிம்மதியாக இருந்தோம்.

அக்காதான் குறுக்கே விழுந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒப்பந்தம் எழுதியாயிற்றா என்று கேட்டாள். அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஊரில் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறவர்தான். ஆனால் மைத்துனனிடம் முத்திரைத்தாளை நீட்டுவது அவருக்குக் கூச்சமாக இருந்தது. எனக்கும் அப்படித்தான்.

“நமக்குள்ள என்னத்துக்குட்டி எழுத்து?” என்றார்.

“நமக்குள்ளங்கதுனாலதான் எழுதணும். நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு வந்தா, நான் யாருக்க பக்கம் நிக்கது?” என்றாள் அக்கா.

சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம். அத்தான் வழக்கமாகக் கொடுக்கும் தாளில் சதுர அடிக்கு என்ன விலை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதைத் தவிர அதிகம் இல்லை. அக்கா அதை வரிவரியாக வாசித்தாள். செப்டிக் டேங்க் இதில் சேர்த்தியா, மதில் சேர்த்தியா, ஜன்னலுக்கு என்ன மரம், மழையில் வேலை நின்றால் எத்தனை நாள் பொறுப்பது, பாதியில் என் மனைவி மனம் மாறி அடுக்களையைப் பெரிதாக்கச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே போனாள். சாதாரண மண்ணில் அஸ்திவாரம் என்ற வரிக்கு வந்ததும் தலையைத் தூக்கினாள். மண் சாதாரணமாக இல்லாவிட்டால்?

கடைசியில் அத்தானே தன் கையால் எழுதினார். தோண்டும்போது எதிர்பாராதது எது வந்தாலும் அந்த இடத்தில் வேலையை நிறுத்த வேண்டும். இருவரும் நேரில் பார்த்து, என்ன செய்வது, செலவு யாருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே தொடர வேண்டும். என்னிடம், வங்கிக் கடனில் ஒரு பங்கைத் தொடாமல் இதற்கென்று வைக்கச் சொன்னாள் அக்கா. தரைக்கு நல்ல டைல்ஸ் போட நாங்கள் நினைத்திருந்த பணம் அது. மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள்.

அஸ்திவாரத்துக்குக் குழி வெட்டத் தொடங்கினார்கள். நாகர்கோவிலில் பள்ளிக்கூட வேலை எனக்கு. வாரக் கடைசியில்தான் போக முடியும். போனில் கேட்டால் “வேல நடக்கு மக்கா” என்பார் அத்தான். மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு நாள், சொல்லாமலே போய் இறங்கினேன். மனையின் பின்மூலையில் தார்ப்பாய் கட்டி, அதற்கடியில் பாறை உடைக்கும் இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது. குழிக்குள் அத்தான் நின்று வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்கச் சேறு. அவர் காலடியில் கறுப்பாக ஒரு பாறை, அகலமாக மண்ணுக்குள் இறங்கிப் போயிருந்தது.

பாறை தென்பட்டுச் சில நாட்கள் ஆகியிருந்தன. இயந்திரத்துக்கு வாடகையைத் தன் கையிலிருந்தே கொடுத்துக்கொண்டிருந்தார்.

“சின்னக் கல்லுன்னு நெனச்சேன்” என்றார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “இந்த எடத்தக் காட்டித் தந்தது நாந்தானே. உனக்கிட்ட எப்பிடிச் சொல்லுகது?”

எழுதியும் மறைத்துவிட்டாரே என்று வந்த கோபம், அதைக் கேட்டதும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். அக்காவுக்கு யார் சொல்வது என்பதில் இருவருக்கும் தயக்கம். நான்தான் போன் செய்தேன். அவள் பஸ் பிடித்து வந்து, குடையோடு குழியை எட்டிப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

“நீங்க ஒப்பந்தம் போட்டது எனக்க தம்பிகிட்டயா, இந்தப் பாறைகிட்டயா?”

அத்தான் சிரித்துவிட்டார். நானும்தான்.

மறுநாள், பிளான் வரைந்த இன்ஜினியர் வந்து, கம்பியால் அங்கங்கே குத்திப் பாறை எதுவரை போகிறது என்று பார்த்தார். பக்கத்தில் வீடுகள் இருப்பதால் வெடி வைக்க முடியாது. ஒரு மூலை பாறையிலும் மற்றது மண்ணிலும் நின்றால், மண் பக்கம் தாழ்ந்து சுவர் வெடிக்கும். பாறையை விட்டுவிட்டுப் பின்சுவரை முன்னால் இழுத்துவிடுவதே நல்லது என்றார். படுக்கையறை சிறிதாயிற்று. பாறை வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லாயிற்று. இயந்திர வாடகையை நான் ஒதுக்கிவைத்த பணத்திலிருந்து வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அத்தான் அடம் பிடித்தார். அக்கா பேனாவை நீட்டினாள். பாதி அவர் செலவு, பாதி என் செலவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். சாட்சியாகக் கீழே அவளும் போட்டாள்.

அதற்குப் பிறகும் இடைஞ்சல்கள் வந்தன. மணல் கிடைக்காமல் நின்றது. கான்கிரீட் போட வேண்டிய நாளில் மழை கொட்டியது. ஆனால் அன்றன்றைக்கே போன் வந்துவிடும். அத்தான் “மக்கா, ஒரு காரியம் உண்டு” என்று தொடங்கினால், என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

நாங்கள் குடிவந்த பிறகு ஒரு வருடம் வரை பழுது பார்த்துத் தர வேண்டும் என்பது பேச்சு. அந்த வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வருகிற ஞாயிறெல்லாம் அத்தான் உட்காருவதற்கு முன் சுவர்களைத் தட்டிப் பார்க்கிறார், குழாய்களைத் திறந்து மூடுகிறார். போன மழைக்குப் பின்கதவு ஊதிப்போய் அடைக்க முடியவில்லை. மேசையில் சோறும் மீன்குழம்பும் வைத்தாயிற்று; அவர் கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்து இழைப்புளியால் விளிம்பைச் சீவிக்கொண்டிருந்தார். அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள்.

“நீங்க தின்னுங்க, இப்ப வாறேன்” என்று பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது. மனைவி அவர் தட்டில் பெரிய மீன் துண்டாக ஒன்றை எடுத்து வைத்து மூடினாள்.