லேபிள் ஒட்டாத நெய்

அவள் என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்ட விதத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. மறக்க முயற்சி செய்ததும் இல்லை. மனசில் கறுவிக்கொண்டே இருப்பது உடம்புக்கு ஆகாது என்பார் என் கணவர். என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் பொங்கல் விழாவுக்கு வருடா வருடம் வெண்பொங்கல் கிண்டியது நான்தான். இடையில் நான் இருந்த மருந்து கம்பெனி ஆட்களைக் குறைத்தது; என் வேலையும் போனது. கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு அடுத்துக் கிடைத்தது, லைசென்ஸ் வாங்கி நடக்கும் ஒரு கஞ்சா ஆலை. எங்கள் மாநிலமான நியூ ஜெர்சியில் அது சட்டத்துக்கு உட்பட்ட தொழில்; மத்திய அரசின் சட்டத்தில்தான் இன்னும் குற்றம். நாங்கள் சிட்டிசன் ஆகிவிட்டிருந்ததால் துணிந்து சேர்ந்தேன்.

விழாக் கமிட்டியை நடத்துகிறவள் அவள். என்னைவிட மூத்தவள், நான் அக்கா என்று கூப்பிட்டுப் பழகியவள். என் புது வேலை தெரியவந்த வருடம், அத்தனை பேர் பார்க்கக் கரண்டியை வாங்கி அடுப்பு மேடைமேல் வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காத. நாங்கல்லாம் கிரீன் கார்டுக்கு வெயிட் பண்றவங்க. ஃபெடரல் லா-ல இது கிரைம். அதுவும் இல்லாம, கஞ்சா தொட்ட கையால குழந்தைங்க சாப்பாட்டை... வேண்டாமே. நீ பேப்பர் தட்டு அடுக்கு, போதும்."

சட்டத்துக்குப் பயந்ததைக்கூட மன்னித்திருப்பேன். கையைச் சொன்னாளே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவள் வாழ்நாளில் கழுவியதைவிட அதிகமாக நான் ஒரு ஷிஃப்டில் கை கழுவுகிறேன். யாரும் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தட்டு அடுக்கினேன்.

சில மாதம் கழித்து, மளிகைக் கடை பார்க்கிங்கில் அவளுடைய கணவர் என் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பெயருக்குக் கமிட்டியின் தலைவர் அவர்தான். அன்றைக்கு வாயைத் திறக்காமல் நின்றவர்களில் முதல் ஆள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முட்டி வலிம்மா. தூக்கமே இல்ல. ஆபீஸ்ல ஒருத்தன் இதை ட்ரை பண்ணச் சொல்றான். உங்க கம்பெனில என்னதான் பண்றீங்க? கான்சன்ட்ரேட், கான்சன்ட்ரேட்ங்கறாங்களே, அப்படின்னா?"

பாடம் நடத்தும் ஆசை என்னை விட்டபாடில்லை. சொன்னேன். விஷயம் முழுக்கப் பூவின் மேலே பனி மாதிரி ஒட்டியிருக்கும் பிசினில்தான் இருக்கிறது. இலையும் தண்டும் வெறும் சுமை. அந்தப் பிசினைப் பிரித்தெடுத்தால் அதுதான் கான்சன்ட்ரேட். ஐஸ் தண்ணீரில் அலசி, சல்லடையில் வடித்து எடுப்பது ஒரு வகை. சூடான இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பிழிவது இன்னொரு வகை. நாங்கள் பெரிய அளவில் செய்வது ஆல்கஹால் வைத்து. டிகாஷன் இறக்குகிற மாதிரி சாரத்தை இறக்கி, பிறகு ஆல்கஹால் மொத்தத்தையும் ஆவியாக்கிவிட்டு, மறுபடி காய்ச்சி வடித்தால் தேன் நிறத்தில் வரும். ஒவ்வொரு தொகுதியும் வெளி லேபுக்குப் போய், எத்தனை சதவீதம், என்ன கலப்பு என்று பார்த்து, லேபிள் ஒட்டித்தான் வெளியே வரும். வீட்டில் லைட்டர் கேஸை வைத்து இறக்கப் போய் கராஜைக் கொளுத்திக்கொள்கிற முட்டாள்களும் உண்டு.

"நெய்ல போடலாமாமே?"

"கரையும். கொழுப்புன்னா அதுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா எவ்வளவு இறங்கியிருக்குன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. வேண்டாம் அண்ணா. கிரீன் கார்டு வர்ற வரைக்கும் இது பக்கமே போகாதீங்க. லாயரைக் கேளுங்க."

தலையை ஆட்டினார். ஊருக்குத்தான் உபதேசம் என்கிற வீட்டில் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

அடுத்த பொங்கல் வந்தது. பள்ளிக்கூட ஹாலின் அடுக்களையில் நான் வழக்கம்போலத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். என் இடத்தில் அவள் நின்று பொங்கலைக் குழைய விட்டிருந்தாள். நெய் போதாமல் போகவே, பையிலிருந்து ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலை எடுத்தாள். நம் வீடுகளில் ஊறுகாய் பாட்டிலில் ஊறுகாய் இருக்காது, ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் இருக்காது. மேலே எழுதி ஒட்டும் பழக்கமும் கிடையாது.

"மாமியார் வந்திருந்தப்போ உருக்கி வச்சுட்டுப் போனது. கராஜ் ஃப்ரிட்ஜ்ல கிடந்துது. முருங்கைக்கீரை நிறையப் போட்டுட்டாங்க போல, எப்படிப் பச்சையா இருக்கு பாரேன்" என்று பக்கத்தில் முந்திரி வறுத்தவளிடம் காட்டினாள்.

மூடியைத் திறந்ததும் வாசம் என்னிடம் வந்தது. முருங்கைக்கீரை இல்லை. தினமும் என் கோட்டில் ஏறி வீட்டுக்கு வருகிற வாசம். பார்க்கிங்கில் தலையாட்டிய மனிதர், மனைவி இல்லாத ஒரு நாளில் அதைப் போட்டு வெண்ணெய் உருக்கியிருக்கிறார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படி இருந்தது எனக்கு. பொய் சொல்ல மாட்டேன். ஊற்றட்டும் என்று நினைத்தேன். அவள் கையால் கிண்டி, அவள் கையால் பரிமாறட்டும். எந்தக் கை சுத்தம் என்று ஊர் பார்க்கட்டும். ஆனால் ஹாலில் பந்தி குழந்தைகளுக்குத்தான் முதலில். அந்த நெய் ஒரு கரண்டி போனால் அதுகள் எமர்ஜென்சி ரூமில்தான் கிடக்கும்.

"அக்கா, அதை ஊத்தாதீங்க" என்றேன்.

கரண்டியை நிறுத்தாமல் திரும்பினாள். "ஏன்? நெய்யிலயும் உனக்கு உங்க கம்பெனி வாசனை வருதா?"

முந்திரி வறுத்தவள் சிரித்தாள்.

நான் அவள் பக்கத்தில் போய், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். "ஆமாக்கா. வருது. யார் உருக்கினதுன்னு அண்ணாவைக் கேட்டுட்டு வாங்க."

பாட்டிலோடு வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் பாட்டில் இல்லை. முகத்தில் ரத்தமும் இல்லை. "நெய் சிக்கு வாடை அடிக்குது, கொட்டிட்டேன்" என்று பொதுவாகச் சொன்னாள். பிறகு என்னிடம், கண்ணைப் பார்க்காமல், "உன் வீடு பக்கந்தானே, கொஞ்சம் நெய் கொண்டு வர்றியா?" என்றாள்.

"அது என் கை பட்டது, அக்கா. கடைல வாங்கிக்கோங்க."

இவ்வளவு ருசியாக ஒரு வாக்கியத்தை நான் அதுவரை சொன்னதில்லை. அந்த வருடப் பொங்கலில் நெய் குறைவு. எல்லோரும் சொன்னார்கள்.

அன்று சாயங்காலமே போன் செய்தாள். அழுதாள். கிரீன் கார்டு இன்டர்வியூவுக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாதாம், பையன் காலேஜில் இருக்கிறானாம், ஒரு வார்த்தை வெளியே போனால் எல்லாம் போச்சாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்" என்றாள். நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அடுத்த வருடம் பொங்கல் கிண்ட என்னைக் கூப்பிட்டாள், போகவில்லை. கடையில் பார்த்தால் என் முகத்தையே படிக்கிறாள். நான் காய்கறியைப் பார்க்கிறேன்.

தமிழில் நான் எழுதுவது எதையும் அவள் விடாமல் படிப்பவள். யார் பெயரும் இதில் இல்லை, இனியும் இருக்காது. ஆனால் அதை அவள் நம்ப மாட்டாள். அடுத்த வரியில் வந்துவிடுமோ, அடுத்த வரியில் வந்துவிடுமோ என்று தன் பெயரைத் தேடிக்கொண்டே இந்த வரி வரைக்கும் வந்திருப்பாள். வரட்டும்.