அய்யம்மா செருப்பு

2024 மே மாதம் வரை விஸ்வநத்தத்துப் பக்கம் இப்படி ஒரு பேச்சு கிடையாது. இன்று சிவகாசி அச்சகங்களில்கூடக் கேட்கலாம். மேசை முழுக்கக் காலண்டர் தாள்கள் இறைந்து கிடக்கும். புதிதாக வந்தவர் அடுக்கப் போனால், "கை வைக்காதீக, அது அய்யம்மா செருப்பு" என்பார்கள். பார்வைக்குக் குப்பை, வைத்தவருக்குக் கணக்கு என்று பொருள்.

அய்யம்மாள் ஆமத்தூர்க்காரர். விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துபவர். மருந்து அறைக்குள் செருப்புப் போகாது. வாசலில் கழற்றுவதுதான் வழக்கம். தன் அறைப் பெண்களை அய்யம்மாள் அதற்கு விடமாட்டார். ஒருத்தி வேலியோரம் கழற்ற வேண்டும், ஒருத்தி கருவேல மரத்தடியில், ஒருத்தி தண்ணீர்த் தொட்டியருகே. வெடித்தால் வெறுங்காலோடு ஓடி அவரவர் செருப்பில் ஏறி நிற்க வேண்டும். எந்தச் செருப்பில் ஆள் ஏறவில்லையோ, அதற்குரியவள் உள்ளே கிடக்கிறாள் என்று கணக்கு. அய்யம்மாள் முன்பு வேலை பார்த்த ஆலையில் வெடித்தபோது, ஒருத்தி தப்பிவிட்டாள் என்று நினைத்து, மாலை வரை யாரும் தேடவில்லை. அதிலிருந்து இந்த ஏற்பாடு.

அந்த மே மாதம் ஒரு நாள், ஆய்வுக்கு அதிகாரிகள் வருவதாகத் தகவல். போர்மேன் முனியராஜ் செருப்புகளைப் பொறுக்கி ஷெட் நிழலில் வரிசையாக வைத்தான். அய்யம்மாள் வெளியே வந்தார். அறையில் அவர் மகள் பானுப்பிரியாவும் இன்னும் இரண்டு பெண்களும் இருந்தார்கள்.

"ஏலே, எடுத்த எடத்துல வையி."

"அங்கன இங்கன கெடந்தா அதிகாரிக சந்தக்கடைனு நெனைப்பாகக்கா."

"நெனைக்கட்டும். வெடிச்சா நீயா வந்து தேடுவ?"

"வெடிக்கும் வெடிக்கும்னு நீயே திரி கொளுத்திருவ போலிருக்கு."

அவர் குனிந்து செருப்பை எடுக்க, அவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். கீழே விழுந்தவர் எழுந்து, கையிலிருந்த செருப்பால் அவன் முகத்தில் அடித்தார். அவன் புருவம் கிழிந்தது. அவர் கொண்டையைப் பிடித்து இழுத்தான்.

அறைக்குள் ஒரு சீறல் கேட்டது. பிறகு வெடித்தது. கூரை சிதறிச் செங்கற்கள் இருவர் முதுகிலும் விழுந்தன. புகைக்குள்ளிருந்து பெண்கள் சேலையில் தீயோடு ஓடி வந்தார்கள். முகமெல்லாம் கரி, யார் யாரென்று தெரியவில்லை. காது அடைத்துப் போய், கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை.

செருப்புகள் ஷெட் நிழலில் இருந்தன. ஆனால் பழகிய கால்கள் பழைய இடங்களுக்கே ஓடின. வேலியோரம் ஒருத்தி வெறும் மண்ணில் நின்றாள். கருவேல மரத்தடியில் இன்னொருத்தி. தண்ணீர்த் தொட்டியருகே யாரும் இல்லை. அது பானுப்பிரியாவின் இடம்.

அய்யம்மாள் முனியராஜின் சட்டையைப் பிடித்து இழுத்து அறையைக் காட்டினார். இருவரும் உள்ளே ஓடினார்கள். சரிந்த சுவரை அவன் தோள் கொடுத்துத் தூக்க, அடியில் கிடந்த மகளின் கையைப் பிடித்து அய்யம்மாள் இழுத்தார். தோல் மட்டும் கையோடு வந்தது. அக்குளில் கை கொடுத்து மறுபடி இழுத்தார்.

பானுப்பிரியா பிழைத்தாள். வரும் வியாழக்கிழமை மதுரையில், தொடையிலிருந்து தோல் எடுத்து, அவள் வலது கைக்கு மூன்றாம் முறை ஒட்டுகிறார்கள்.